ஒரு குடம் பாக்கி

முதலில் என்னைக் கெடுத்தவன் மாரப்பன். என் தங்கச்சி மயிலாத்தாவின் புருஷன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். இல்லாவிட்டால் ஆபீஸ்காரர்கள்தான் என்னைக் கெடுத்தார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அவர்களும் கெடுத்தார்கள். ஆனால் அவர்கள் இரண்டாவது.

உட்காருங்கள் தம்பி. அந்தத் தொட்டி விளிம்பில் உட்காருங்கள், ஈரம் இல்லை. கத்திப் பேசுகிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் மோட்டார் ஓடுகிறதல்லவா, அது ராவும் பகலும் ஓடும். எனக்குக் கத்திப் பேசியே பழகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கத்துகிறேன். "சென்னியப்பன் சண்டைக்கு வந்துட்டான்" என்று ஒதுங்குகிறார்கள்.

உங்கள் ஊரிலும் கிணறு கேட்கிறார்களா? உங்கள் கிணற்றையேவா? அதுதான் பஞ்சாயத்து ஆபீசில் "நாலாம் நம்பரைப் போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்களா? நாலாம் நம்பர்! இந்தக் கிணற்றுக்கு ஒரு பேர் இருந்தது தம்பி. முதல்குடத்துக் கிணறு. பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டால் கைக்குழந்தை கூட வழி காட்டும். இப்போது கண்டக்டரே "நாலாம் நம்பர் எறங்கு" என்கிறான். அந்தச் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது பாருங்கள், கைப்பிடிச் சுவரில். அதுதான் இப்போது பேர்.

பழைய பேர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் மாரியம்மன் நோம்பிக்கு, அதுதான் திருவிழாவுக்கு, கம்பம் நடுவோம். மூன்று கவராகப் பிரிந்த மரத்தை வெட்டி வந்து அம்மனுக்கு எதிரே நடுவது. அம்மனுக்கு அது புருஷன் மாதிரி. ஊர்ப் பெண்டுகள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் கொண்டு வந்து அதற்கு ஊற்றுவார்கள். அந்த முதல் குடம் எங்கள் கிணற்றிலிருந்துதான் போக வேண்டும். எங்கள் வீட்டில் பிறந்த பெண்தான் சுமக்க வேண்டும். அதுதான் முறை. என் அத்தை சுமந்தாள். அவளுக்குப் பிறகு மயிலாத்தா. அவளைக் கட்டிக் கொடுத்தது அடுத்த தோட்டத்தில்தான். நோம்பியன்று வருவாள், எங்கள் அம்மா கொடுத்த பித்தளைக் குடத்தில் சேந்துவாள், ஈரத்துணியோடு தலையில் வைத்துக்கொண்டு நடப்பாள். மேளம் முன்னால் போகும். நான் அவளுக்குப் பின்னால் போவேன். குடத்தின் வாயில் ஒரு நசுங்கல். சின்ன வயசில் நான் கல்லில் போட்டது. அந்த நசுங்கல் வழியாகத் தண்ணீர் தளும்பி அவளுடைய இடது தோளில் விழும். ஒவ்வொரு வருசமும் அதே தோள். "அண்ணா, நீங்க நசுக்குனதுக்கு நான் நனையறேன்" என்று திரும்பாமலே சொல்லிச் சிரிப்பாள்.

எனக்கு வேறு என்ன பெருமை தம்பி? படிப்பு மூன்றாவதோடு நின்றது. பையன் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான், வருவதில்லை. பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கென்று இருந்தது இந்த ஒரு குடம்தான்.

தண்ணீர் எப்போது கெட்டது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. சோறு பழுப்பாக வெந்தது. பிறகு இளநீரே உப்புக் கரித்தது. மரம் ஏமாற்றுமா? அது குடித்ததைத்தானே கொடுக்கும்.

சாயப்பட்டறைத் தண்ணீர் என்றார்கள். இருக்கலாம். ஊரைச் சுற்றி எத்தனை பட்டறை இருந்தது. என் தோட்டத்து மேற்கு மூலையைக் கூட லோகநாதன் என்று ஒருத்தனுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன், துணி காயப்போட. ரொம்ப நல்ல மனுசன். அந்த மூலையில் ஒரு போர்க்குழி உண்டு. ஆழமாகப் போட்டும் புழுதிதான் வந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. "சும்மா கெடக்குற குழிதானுங்க, கழிவுத் தண்ணிய அதுல விட்டுக்கட்டுமாங்க?" என்று கேட்டான். கேட்டுச் செய்தான் பாருங்கள், அங்கே நிற்கிறது மரியாதை. தண்ணீரே இல்லாத குழி, அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? விட்டுக்கப்பா என்றேன். மேலே ஒரு கல்லைப் போட்டு மறைத்து வைத்தான். நோம்பி தவறாமல் எனக்கு வேட்டி எடுத்து வருவான். லோகநாதன் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. பாவம், பட்டறையை மூடிவிட்டுப் போய்விட்டான்.

என் வருத்தமெல்லாம் மாரப்பன் மேல். ஆபீஸ்காரர்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்க அலைந்தார்கள். நஞ்சு எங்கிருந்து கிளம்புகிறது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் அலைந்திருந்தால் சலித்துப் போயிருப்பார்கள். இவன் வேலியோரம் நின்றுகொண்டு, "அந்த மேக்கால மூலையில ஒரு போர்க்குழி இருக்குதுங்க. கல்லு போட்டு மூடியிருக்கும், தூக்கிப் பாருங்க" என்றான். சொந்த மச்சான் தோட்டத்தைக் காட்டிக் கொடுத்தான்.

நேராகப் போய்க் கேட்டேன். "ஏனுங்க மாப்பிள்ளை, சொல்றதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவன் சாணி அள்ளிக்கொண்டிருந்தான். நிமிராமல் சொன்னான்: "போன மாசம் எங்க எருமை செத்துச்சுங்க மச்சான். அதை நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எங்கள் பக்கம் சண்டையில் கூட 'ங்க' விடமாட்டோம். ஆனால் பேச்சைப் பாருங்கள். எருமையும் நானும் ஒன்றா?

சரி, ஆபீஸ்காரர்கள் கதைக்கு வருகிறேன். உங்களுக்கு அதுதானே வேண்டும். நாலு ஆபீஸ். இங்கே வருவதற்கு முன் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்க மாட்டார்கள். கலர்த் தண்ணீர் வருகிறது என்று பஞ்சாயத்தில் சொன்னால் மாசு ஆபீசுக்குப் போ என்பார்கள். அங்கே போனால் குடிதண்ணீரா, தண்ணி வாரியத்துக்குப் போ என்பார்கள். அங்கே போனால் குழாய் போடத் தயார், கரண்ட் ஆபீஸ் லைன் கொடுக்கவில்லை என்பார்கள். கரண்ட் ஆபீசில் பஞ்சாயத்து தீர்மானம் எங்கே என்பார்கள். செக்குமாடு கூட ஒரு நாள் களைத்து நிற்கும்.

அப்படிப்பட்டவர்கள் எல்லாம் சிநேகமானது என் கிணற்றடியில்தான். போர்க்குழியைப் பார்க்க நாலு ஜீப்பும் ஒன்றாக வந்து அந்த வேம்புக்கடியில் நின்றன. நல்ல வெயில். வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று இளநீர் வெட்டிக் கொடுத்தேன். நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரு வாய் உறிஞ்சினார்கள். நாலு பேரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அன்றைக்கு வந்த ஒற்றுமைதான் தம்பி. அதற்கு நான் இளநீர் கொடுத்ததாக எங்கேயாவது எழுதி வைத்தார்களா என்று கேளுங்கள்.

அதில் மாசு ஆபீஸ் அம்மா ஒருத்தி. எஸ்தர் என்று பேர். நாகர்கோயில் பக்கம். நோம்பியைக் கொடை என்பாள். அவள்தான் இந்தக் காரியத்துக்கெல்லாம் தலை. குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள். "அய்யா, ஒரு கெணத்துல ஓயாம எறைச்சா, சுத்தியுள்ள கெட்ட தண்ணியெல்லாம் அங்க இழுத்துட்டு வரும். அதைக் குழாயில பிளாண்டுக்கு அனுப்பி உப்பையும் சாயத்தையும் பிரிச்சிருவோம். மத்த கெணறெல்லாம் மெல்லத் தெளியும். அதுக்கு ஒங்க கெணறுதான் தோது."

"அப்ப என் கெணறு ஊருக்குச் சாக்கடையாகணும்" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க. சிவன் ஆலகால விஷத்தைக் குடிச்சாருல்லா, அது மாதிரி." வேதக்காரப் பொண்ணு, எனக்குச் சிவனைச் சொல்லிக் கொடுக்கிறாள்.

"சிவனுக்குக் கழுத்தைப் பிடிச்சு நிறுத்த ஒரு பொண்டாட்டி இருந்தா அம்மிணி. எனக்கு இருந்தவ போயிட்டா" என்றேன்.

பஞ்சாயத்துத் தலைவர் கெஞ்சினார். கரண்ட் ஆபீஸ்காரர் லைன் ராவும் பகலும் வரும் என்றார். தண்ணி வாரியத்துக்காரர் லாரியில் ஊருக்குக் குடிதண்ணீர் வரும் என்றார். எனக்கு அதெல்லாம் வேண்டாம் என்றேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தண்ணீர் நல்லபடியானால் முதல் குடம் மறுபடி இங்கிருந்துதான் போக வேண்டும். எஸ்தரம்மா நாலு ஆபீசுக்கும் முன்னால் சொன்னாள்: "தண்ணி நல்லாவட்டும். கொடைக்கு மொதக் குடம் ஒங்க கெணத்துலதான்." அந்த வாக்கை நம்பித்தான் கொடுத்தேன். மோட்டார் ரூம் கட்டினார்கள், சாவியை என்னிடம் கொடுத்தார்கள். கைப்பிடிச் சுவரில் சிவப்படித்து நம்பர் எழுதினார்கள். சிவப்பு என்றால் குடிக்காதே.

அடுத்தடுத்த நோம்பிகளில் லாரித் தண்ணீரைத்தான் கம்பத்துக்கு ஊற்றினார்கள். யார் கிணறும் இல்லை, யாருக்கும் பெருமை இல்லை. மயிலாத்தாதான் சுமந்தாள். நான் பின்னால் நடந்தேன். பொறுத்துக்கொண்டேன்.

இந்த வருசம் மாரப்பன் கிணற்றில் வந்து பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். பச்சை என்றால் குடிக்கலாம். ஊரில் முதல் பச்சை அவனுடையது. எப்படி வந்தது பச்சை? என் கிணறு ராவும் பகலும் நஞ்சை இழுத்துக் குடித்ததால் வந்தது. காட்டிக் கொடுத்தவன் கிணறு பச்சை, கொடுத்தவன் கிணறு சிவப்பு.

நோம்பிக்கு இரண்டு வாரம் முந்தி அதைத் தொடங்கி வைக்கிற பூச்சாட்டுக்குக் கோயிலில் ஊர் கூடியது. கொத்துக்காரர், எங்கள் கோயில் காரியம் பார்க்கிற பெரியவர், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இனி லாரித் தண்ணி வேண்டாமுங்க. மாரப்பன் கெணறு தெளிஞ்சிருச்சு. முதல் குடம் அங்க எடுத்துக்கலாம்."

நான் எழுந்தேன். "முறை எங்க கெணத்துக்கு."

"சென்னியப்பா, அம்மனுக்கு நல்ல தண்ணி ஊத்தறதுதானே முறைக்கெல்லாம் முறை?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அவரு கெணத்துல ஊத்துனா கம்பம் ரோஸ் கலர்ல நிக்குமுங்க." சிரித்தார்கள். மாரப்பன் மட்டும் சிரிக்கவில்லை. நடிப்பு.

எஸ்தரம்மாவும் வந்திருந்தாள். எல்லோர் முன்னாலும் கேட்டேன், வாக்குக் கொடுத்தாயா இல்லையா என்று. "கொடுத்தேன் அய்யா. இப்பவும் சொல்லுதேன். கொடைக்கு முந்தின நாள் நானே வந்து ஒங்க கெணத்தைப் பாக்கேன். நல்லா இருந்தா ஒங்க கெணறுதான்" என்றாள். கொத்துக்காரரும் சரி என்றார்.

அப்புறம் நான் செய்ததில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். என்ன நல்ல தண்ணீர் வந்தாலும் இந்த மோட்டார் இழுத்துவிடுகிறது. பிறகு எப்படித் தெளியும்? அதனால் நிறுத்தினேன். சாவி என் இடுப்பில்தானே இருந்தது. மோட்டார் சூடாகிறது என்று சொல்லிவிட்டேன். தனியார் லாரிக்காரனைப் பிடித்து லாரி லாரியாக நல்ல தண்ணீர் வாங்கிக் கிணற்றில் ஊற்றினேன். என் கிணற்றில் என் காசில் தண்ணீர் ஊற்றினேன். திருடினேனா? மோட்டார் நின்றதும் ஒரே அமைதி. வேப்பமரத்தில் அணில் கத்துவது கேட்டது. வாளியை விட்டுச் சேந்தி ஒரு வாய் குடித்தேன். இனித்தது தம்பி. எத்தனை வருசம் கழித்து. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சொன்ன நாளில் எஸ்தரம்மா வந்தாள். கொத்துக்காரர் வந்தார், ஊரே வந்தது. பாட்டிலை விட்டு எடுத்துக் கருவியை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. நான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். ரோஸ் கலர் சொன்னவனைத் தேடினேன்.

அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இன்னொரு பாட்டிலில் எடைக்கல்லைக் கட்டினாள். கயிற்றை விட்டுக்கொண்டே போனாள், அடி வரைக்கும். மேலே வந்தபோது பாட்டிலில் இருந்தது பழைய தண்ணீர். கருஞ்சிவப்பு. உப்பு கனமானது, கீழே போய்விடுமாம். நல்ல தண்ணீர் பால் ஏடு மாதிரி மேலே மிதந்திருக்கிறது.

அவள் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "அய்யா, மோட்டார் எப்பம் நின்னுச்சு?"

"சூடாச்சுங்க..."

"எப்பம் அய்யா?"

"பூச்சாட்டு அன்னைக்கு" என்றேன்.

பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினாள் தம்பி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பு மேல் மாரப்பன் கிணற்றுக்கு ஓடினாள். அங்கே தண்ணீர் மறுபடி கெட ஆரம்பித்திருந்ததாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பச்சை போய்ச் சிவப்பாகியிருக்குமாம். அவ்வளவுதான். கெட்டுப் போகவில்லையே? ஆனாலும் சாயங்காலத்துக்குள் நாலு ஜீப்பும் வந்துவிட்டன. என்ன ஒற்றுமை! மோட்டாரைப் போட்டார்கள். சாவியை என்னிடமிருந்து வாங்கி மாரப்பன் கையில் கொடுத்தார்கள். என் கிணறு, என் மோட்டார் ரூம், சாவி அவன் அரைஞாணில்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். என் மோட்டார் நின்றால் அவன் கிணறு கெடுகிறது. அப்படியானால் என் கிணற்றால்தான் அவன் வாழ்கிறான் என்று அன்றைக்கு நாலு ஆபீசுக்கும் முன்னால் ருசுவாகிவிட்டது இல்லையா? ருசுப்படுத்தியது யார்? நான். அதற்காவது ஒரு நன்றி?

மறுநாள் நோம்பி. விடிந்ததும் மயிலாத்தா வந்தாள். தலைக்குக் குளித்து ஈரத்துணியோடு, இடுப்பில் அந்தக் குடம், காலிக்குடம். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

"அண்ணா, கதவைத் தெறங்க."

தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நம்ம கெணத்துல எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? அங்கதான் எடுக்கணும். நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க. நீங்க நின்னா அதுவும் நம்ம வீட்டுக் குடம்தானுங்க."

நம்ம கிணறு என்றாள். கவனித்தேன். ஆனால் நான் எப்படித் திறப்பது? மாரப்பன் கிணற்று மேட்டில் போய் நான் கைகட்டி நிற்பதா? மேளம் கோயிலிலிருந்து கிளம்பி வளைவு திரும்புகிற வரைக்கும் அவள் வாசலிலேயே நின்றாள். மூச்சு விடுவது கேட்டது. பிறகு போய்விட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன். கூப்பிடவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மாரப்பன் காட்டிக் கொடுத்தான், அவன் வேற்று வீட்டுப் பிள்ளை. ஆபீஸ்காரர்கள் வாக்குத் தவறினார்கள், அவர்கள் இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு வேறு ஊர். இவள் என்னோடு பிறந்தவள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேளம் முன்னால் போனது. குடம் தளும்பி அவள் இடது தோளில் விழுந்தது. அவளுக்குப் பின்னால் ஆள் இல்லை. மாரப்பன் கூட எட்டத்தில், பெண்டுகளுக்கெல்லாம் பின்னால்தான் வந்தான். ஒரு ஆள் நடக்கிற இடம் காலியாகவே கோயில் வரைக்கும் போனது. என் இடத்தில் நிறுத்த அவர்களுக்கு ஒரு ஆள் கூடக் கிடைக்கவில்லை பாருங்கள். அவ்வளவு அலட்சியம்.

நோம்பி முடிந்து கொத்துக்காரர் சமாதானம் பேச வந்தார். கம்பத்தைப் பிடுங்கி ஒரு கிணற்றில் விடுவது வழக்கம். "கம்பம் உங்க கெணத்துல விடட்டும் சென்னியப்பா, அதுவும் மரியாதைதானே" என்றார். முதல் குடம் அங்கே, கடைசிக் கட்டை இங்கேயா? போய்யா என்றேன். அதற்குள் எஸ்தரம்மாவே மோட்டாரில் சிக்கும், வேண்டாம் என்றுவிட்டாளாம். கட்டைக்குக் கூட லாயக்கில்லாமல் போனது என் கிணறு.

உங்கள் கிணற்றைக் கொடுங்கள், கொடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன் தம்பி. தெளிவது தெளியத்தான் செய்கிறது. அதைப் பொய் சொல்லக் கூடாது. இப்போது இன்னும் ஏழெட்டுக் கிணற்றுக்குப் பச்சை அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். உங்களுக்குத் தங்கச்சி இருந்தால், ஆபீஸ்காரர்களைக் கேட்பதற்கு முன்னால் அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பிவிட்டீர்களா? வெயிலில் வந்திருக்கிறீர்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். பயப்படாதீர்கள், இந்தக் கிணற்றுத் தண்ணீர் இல்லை. அந்த நிலைப்படியோரம் குடம் இருக்கிறது பாருங்கள், அதில். நான் போய் எடுத்து வருவதில்லை. விடிந்து கதவைத் திறந்தால் நிறைந்து நிற்கும். சாயங்காலம் காலிக்குடத்தை வேலிக்கால் மேல் கவிழ்த்துவிடுவேன். காலையில் மறுபடி இங்கே நிற்கும். பேச்சுவார்த்தை ஒன்றும் கிடையாது. நோம்பி முடிந்த மறுநாளிலிருந்து இப்படித்தான்.

என்ன கேட்கிறீர்கள்? இத்தனை குடம் வந்திருக்கிறதே, அதில் ஒன்றைக் கழித்துக்கொள்ளக் கூடாதா என்றா? அது எப்படித் தம்பி? இது தாகத்துக்கு வருகிற தண்ணீர். எனக்கு வர வேண்டியது முதல் குடம். இரண்டும் ஒன்றாகுமா?

பார்த்து, அந்தப் பக்கமாகச் சாய்க்காதீர்கள், வாய் நசுங்கியிருக்கிறது. சட்டை நனைந்துவிடும். இந்தப் பக்கம், ஆமாம்.

இனிக்கிறதா? வேண்டாம், சொல்லாதீர்கள். எனக்குத் தெரியும்.

ஒரு குடம் அவள் எனக்குப் பாக்கி.